வரைபுத்தாளில் புள்ளி குறைக்கிறோம், கணினியில் ஏன் விட்டுவிடுகிறோம்?

அன்புள்ள தகவல் தொழினுட்ப, புவியியல் பாட ஆசிரியர்களுக்கும் பாடநூல் எழுதுவோருக்கும்,

இலங்கையின் சனத்தொகை வளர்ச்சியை எக்செல்லில் வரையச் சொன்னால், பிள்ளைகள் அநேகமாக ஒரே மாதிரியான கோட்டு வரைபைத்தான் கொண்டுவருகிறார்கள். 1946, 1953, 1963, 1971, 1981, 2012, 2024 என்று குடிசன மதிப்பீட்டு ஆண்டுகள் கீழே சம இடைவெளியில் நிற்கின்றன. பார்க்க நேர்த்தியாக இருக்கிறது, ஆனால் பிழை.

1963க்கும் 1971க்கும் இடையில் எட்டு ஆண்டுகள். 1981க்கும் 2012க்கும் இடையில் 31 ஆண்டுகள். இரண்டுக்கும் ஒரே அகலம் கொடுத்தால் என்ன ஆகும்? முதல் இடைவெளியில் சனத்தொகை சுமார் 106 இலட்சத்திலிருந்து 127 இலட்சமாகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2.6 இலட்சம். மற்றதில் 148 இலட்சம் 204 இலட்சமாகிறது. ஆண்டுக்கு 1.8 இலட்சம்தான். வேகம் குறைந்த அந்தக் காலம்தான் வரைபில் எல்லாவற்றையும்விடச் செங்குத்தாக ஏறுகிறது. "1981க்குப் பிறகு சனத்தொகை திடீரென அதிகரித்தது" என்று பிள்ளை விளக்கம் எழுதினால், அதில் பிள்ளையின் பிழை ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைத்தானே எழுதியது?

நம் நாட்டில் பத்தாண்டுக்கு ஒருமுறை மதிப்பீடு என்ற ஒழுங்கு குலைந்ததற்குக் காரணங்கள் உண்டு. 1941இல் உலகப் போர், 1991இல் உள்நாட்டுப் போர். 2001இல் கணக்கெடுத்தும், வடக்கு கிழக்கில் பல மாவட்டங்களில் முழுமையாக எடுக்க முடியவில்லை. அந்த 31 ஆண்டுகளை மற்ற இடைவெளிகளின் அகலத்துக்குள் அடக்கிவிடுவதைப் புவியியல் ஆசிரியர்களாவது பொறுத்துக்கொள்ளக் கூடாது.

கோட்டு வரைபில் கிடை அச்சிலுள்ள ஆண்டுகளை எக்செல் பெரும்பாலும் வெறும் பெயர்களாகவே எடுத்துக்கொள்கிறது. கொழும்பு, கண்டி, காலி என்று எழுதினால் எப்படிச் சம தூரத்தில் வைக்குமோ, அப்படியே 1981ஐயும் 2012ஐயும் வைக்கும். ஆகவே ஆண்டு வரும் தரவுக்கு ஸ்கட்டர் வகையில் (இரண்டு அச்சிலும் எண்ணின் அளவுப்படி புள்ளி வைக்கும் வகை), நேர்கோட்டால் இணைத்த வரைபைத் தெரிவுசெய்யப் பழக்குங்கள். அச்சின் தொடக்கம் 1940, முடிவு 2030, இடைவெளி 10 என்று கொடுத்தால் சரி. கோட்டு வரைபுதான் வேண்டும் என்றால், அச்சைத் தெரிவுசெய்து ஃபோர்மட் அக்சிஸில் 'டேட் அக்சிஸ்' என்று மாற்றலாம். எக்செல் ஆண்டு எண்ணை நாள் எண்ணாக நினைத்துக்கொண்டாலும் இடைவெளி விகிதப்படி சரியாக வந்துவிடும். கூகிள் ஷீட்ஸில் அச்சுப் பெயர்களை எழுத்தாகக் கொள்ளும் தெரிவு இருக்கிறது, அதை நீக்கிவிடுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். 2001 முழுமையற்றது என்று காட்ட '2001*' என உடுக்குறியோடு தட்டச்சு செய்தால் அந்தக் கலம் எழுத்தாகிவிடும். அந்த ஒரு கலம் போதும், ஸ்கட்டர் வரைபு ஆண்டுகளை மொத்தமாகக் கைவிட்டு 1, 2, 3 என்று எண்ணத் தொடங்கும், சம இடைவெளி திரும்பவும் வந்துவிடும். உடுக்குறியைப் பக்கத்து நிரலில் போடச் சொல்லுங்கள். அப்புறம், 1871இன் முதல் மதிப்பீட்டிலிருந்து வரைவதானால் நாள், மாதம் எதுவும் வேண்டாம். 1900க்கு முந்திய திகதியை எக்செல் திகதியாக ஏற்காது. ஆண்டு எண் மட்டும் போதும்.

வரைபுத்தாளில் எட்டு ஆண்டுக்கும் 31 ஆண்டுக்கும் ஒரே சென்ரிமீற்றர் கொடுத்த பிள்ளைக்கு அளவுத்திட்டம் பிழை என்று புள்ளி குறைக்கிறோம். அதே பிழையைக் கணினி செய்து தந்தால் தலைப்பும் நிறமும் பார்த்து முழுப் புள்ளி போடுகிறோம். இது நியாயமில்லை.

பாடநூலின் விரிதாள் பயிற்சிகளில் ஆண்டுகள் சமனில்லாத அட்டவணை ஒன்றையாவது சேருங்கள், நம் குடிசன மதிப்பீடே கையில் இருக்கிறது. செயன்முறைப் பயிற்சிக்குப் புள்ளியிடும்போது கிடை அச்சின் அளவுத்திட்டத்துக்கென்று தனியாகப் புள்ளி ஒதுக்குங்கள்.

அன்புடன்,
ஒரு கணித ஆசிரியர்