மங்கிய வெளிச்சத்துக்கு எந்தக் கேமரா?

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேத்தி மேடையேறி ஆடத் தொடங்கிவிட்டாள் என்ற செய்தி மனத்துக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. இங்கு அனைவரும் நலம். கண்புரை அறுவைக்குப் பிறகு நானும் மீண்டும் கேமராவைக் கையில் எடுத்திருக்கிறேன்.

அரங்கின் மங்கிய வெளிச்சத்தில் அவளைப் படமெடுக்க, பெரிய சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) கொண்ட ஃபுல் ஃப்ரேம் கேமராதான் வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து. முதலில் லென்ஸை முடிவு செய்யுங்கள். மீதிப் பணத்துக்கு ஏற்ற கேமராவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அளவு 36க்கு 24 மி.மீ.; அதைவிடச் சிறிய வகையான ஏ.பி.எஸ்-சி சென்சார் ஏறத்தாழ 23.5க்கு 15.6 மி.மீ. ஃபுல் ஃப்ரேம் பரப்பில் இரண்டு மடங்கைவிடச் சற்றே பெரியது என்பதால், ஒரே காலத்துச் சென்சார்களை ஒப்பிட்டால் கிடைக்கும் ஆதாயம் ஒரு ஸ்டாப்புக்கு (அதாவது இரண்டு மடங்கு வெளிச்சத்துக்கு) சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் கேமராவுடன் சேர்த்து விற்கும் ஜூம் லென்ஸ், காட்சியை நெருக்கி எடுக்கும்போது பெரும்பாலும் எஃப் 5.6க்கு மேல் திறப்பதில்லை (எஃப் எண் சிறிதாகச் சிறிதாக லென்ஸின் திறப்பு பெரிது). அதற்குப் பதிலாக எஃப் 1.8 வரை திறக்கும் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால் ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. ஆடும் கை கலங்காமல் பதிய, ஷட்டர் வேகம் 1/250 நொடியாவது வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் ஜூம் லென்ஸ் 12,800 ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவு; கூடினால் படத்தில் புள்ளிகளும் கூடும்) கேட்கும் அரங்கில் இந்த லென்ஸுக்கு 1,250 அல்லது 1,600 போதும். முன்னதில் முகத்தின் நிழற்பகுதியில் வண்ணப் புள்ளிகள் மொய்த்து, கூந்தலும் பின்னாலிருக்கும் கருப்புத் திரையும் ஒன்றாகிவிடும். பின்னதிலோ நெற்றியில் ஒட்டிய முடியிழைகூடத் தனித்துத் தெரியும்.

அதிர்வுத் தடுப்பைப் பெரிதாகச் சொல்லி விற்பார்கள். அது நம் கை நடுக்கத்தைத் தாங்குமே தவிர, ஆடுபவளின் அசைவை நிறுத்தாது. மெகாபிக்சல் 24 இருந்தால் தாராளம்.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது ஆட்டோஃபோகஸைப் பற்றித்தான். எஃப் 1.8இல் தெளிவாக விழும் ஆழம் மிகக் குறைவு; நெருக்கமாக எடுத்தால் ஒரு கண் கூர்மையாகவும் மறு கண் கலங்கலாகவும் வந்துவிடும். ஆகவே கண்ணைத் தானே கண்டுபிடித்துத் தொடரும் மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராவையே தேர்ந்தெடுங்கள். மைனஸ் 4 ஈ.வி. (வெளிச்ச அளவு; எண் குறையக் குறைய இருட்டு) வரை ஃபோகஸ் செய்யும் என்பன போன்ற கணக்குகள் பெரும்பாலும் எஃப் 1.2 அல்லது 1.4 லென்ஸை வைத்து அளந்தவை; எஃப் 1.8 லென்ஸுக்கு அப்படியே பொருந்தா. அவற்றை நம்புவதைவிட, கடையிலேயே வெளிச்சம் எட்டாத மூலையில் ஒருவரை நடக்கச் சொல்லி எடுத்துப் பார்ப்பது நல்லது. அங்கேயே சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரிலும் சில படங்கள் எடுங்கள், எல்.இ.டி. விளக்குகளின் கீழ் சில கேமராக்களில் படத்தின் குறுக்கே பட்டைகள் விழுகின்றன, அமைதியான அரங்கில் அந்த ஷட்டர் உங்களுக்குக் கட்டாயம் தேவைப்படும்.

மேடையிலிருந்து எவ்வளவு தொலைவில் உட்காருவீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். முன்வரிசை என்றால் 50 மி.மீ. போதும், நடு அரங்கு என்றால் 85 மி.மீ. பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் நண்பன்