கையை நனைத்துக்கொண்டு

டுராங்கி, நியூசிலாந்து
மார்ச் 23, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமா? பிரஷர் மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா? போனில் கேட்டால் "எல்லாம் போடுறேன்" என்பீர்கள், பின்னாலிருந்து அம்மா சிரிப்பது கேட்கும். அதனால் அம்மாவிடமே கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைத் தம்பியை வாசிக்கச் சொல்லாதீர்கள். அவன் பாதியை முழுங்கிவிட்டு "நல்லா இருக்காளாம்" என்று முடித்துவிடுவான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீங்களே படியுங்கள். விஷயம் உங்களுக்கானது.

நேற்று ட்ரவுட் மீன் பிடித்தேன். நானே, என் கையால்.

இங்கே மார்ச்தான் இலையுதிர்காலத்தின் ஆரம்பம். நம் நீலகிரி எமரால்டில் வெயில் ஏறி கேரட்டுக்குத் தண்ணீர் தேடும் நேரத்தில், இங்கே காலையில் கார் கண்ணாடியில் ஈரம் கட்டி நிற்கிறது. ஏரிக்கரை வில்லோ மரங்கள் நுனியில் மட்டும் மஞ்சளாகியிருக்கின்றன. நம் ஊர் ஐப்பசி மாதிரி ஒரு குளிர், மழை மட்டும் இல்லை. வந்த புதிதில் இந்தத் தலைகீழ் கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை. டிசம்பரில் வேர்க்கிறது, ஆடியில் விறைக்கிறது. பொங்கலுக்கு வெயிலில் நின்று பால் பொங்கவிட்டதைப் படம் அனுப்பியிருந்தேனே.

டௌப்போ ஏரியைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், ஆனால் அதன் அளவைச் சொல்லவில்லை. 616 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியே 426தான், அப்படியே தூக்கி உள்ளே போட்டாலும் மிச்சம் இருக்கும். ஆழமான இடத்தில் 186 மீட்டர். இது அணை கட்டித் தேக்கிய தண்ணீர் இல்லை அப்பா. எரிமலை வெடித்துக் குழிந்த வாய்க்குள் நிற்கிற தண்ணீர். பெரிய வெடிப்பு நடந்து 25,000 வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடைசியாகப் பலமாக வெடித்தது சுமார் 1,800 வருஷத்துக்கு முன்னால். அம்மா குதிகால் தேய்ப்பாரே அந்த நுரைக்கல், அது இங்கே கரையெல்லாம் கிடக்கிறது. தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. முதல் நாள் சின்னப்பிள்ளை மாதிரி பத்து கல்லாவது எறிந்து பார்த்திருப்பேன். இரண்டை எடுத்து வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன்.

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் மாவோரி, இந்த நாட்டுப் பூர்வகுடி. அவர் வீட்டுக்காரர், அந்த அண்ணன்தான் கூட்டிப்போனார். அவர்கள் டூஃபரேடோவா என்ற இனத்தார். ஏரியின் அடித்தளம் அந்த இனத்துக்கே சொந்தம். 1926-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டதை 1992-ல் திருப்பிக் கொடுத்திருக்கிறது. அண்ணன் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, "இந்தப் பக்கம் நம்ம காடு" என்று நீங்கள் கை காட்டுவது மாதிரி சொல்லிவிட்டுக் காரை ஓட்டினார்.

தூண்டில் போட உரிமச்சீட்டு வாங்க வேண்டும். நாட்டின் மற்ற இடங்களுக்கான சீட்டு இங்கே செல்லாது, டௌப்போவுக்குத் தனியாக. மண்புழு கூடாது, மாவு உருண்டை கூடாது. எமரால்டு டேமில் நீங்கள் மைதாவில் மஞ்சள்தூள் பிசைந்து உருட்டி கெண்டைக்குப் போடுவீர்களே, அதை இங்கே செய்தால் அபராதம்தான். நாங்கள் போன இடத்தில் முள்ளில் இறகும் நூலும் கட்டிய பொய்ப்பூச்சிதான் போட வேண்டும். எனக்கு அவர் கொடுத்தது பூச்சிகூட இல்லை, பொடிமீன் மாதிரி கட்டிய ஒன்று. ராத்திரி 12 மணிக்கு மேல் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். இதையெல்லாம்விட ஒரு சட்டம் உங்களுக்குப் பிடிக்கும்: இந்த நாட்டில் ட்ரவுட்டை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. கடையில் சால்மன் கிடைக்கும், ட்ரவுட் கிடைக்காது. பிடித்தால் தின்னலாம், இல்லையென்றால் யாராவது கொடுத்தால் தின்னலாம். அவ்வளவுதான் வழி.

வைடஹானுயி என்ற இடத்துக்குப் போனோம். ஒரு சின்ன ஆறு வந்து ஏரியில் கலக்கிறது. ஆற்றுத் தண்ணீர் ஏரித் தண்ணீரைவிடக் குளிர்ச்சி. கோடை முடிகிற இந்த நாட்களில் அந்தக் குளிர்ச்சியைத் தேடி மீன் ஆற்றுவாயில் வந்து கூடுகிறது. பழுப்பு ட்ரவுட் முந்திக்கொண்டு வரும், வானவில் ட்ரவுட் குளிர்காலம் ஏறஏறக் கூட்டமாக ஆற்றில் ஏறும் என்றார் அண்ணன். இருட்டு நல்லது, நிலா இருந்தால் மீன் கரைப்பக்கம் வராதாம். மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினால், ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நிற்கிறார்கள். வேலிக்குக் கல் நட்ட மாதிரி. அந்த வரிசைக்கு வேலி என்றேதான் பெயராம். யாரும் பேசுவதில்லை. நம் ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொண்டேன், அங்கே இந்நேரம் நாலு சண்டை நடந்திருக்கும்.

மூன்று மணி நேரம் அப்பா. வீசுவது, மெதுவாக இழுப்பது, வீசுவது. இரண்டு முறை என் முள் பக்கத்தில் நின்றவரின் தொப்பியில் மாட்டியது. கால் மரத்துப்போனது. "எதுக்குடி உனக்கு இந்த வேலை" என்று அப்பாயி குரல் காதில் கேட்டது. அப்போதுதான் நூல் கையை விட்டு ஓடியது. இழுக்கவில்லை, ஓடியது. நான் கத்தினேன் போலிருக்கிறது, வேலி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அண்ணன் பக்கத்தில் வந்து "விடு, ஓடட்டும், இப்போ சுருட்டு" என்று சொல்லிக்கொண்டே நின்றார். கால் மணி நேரம் போராடி அருகில் கொண்டுவந்தேன். நெற்றி விளக்கைப் போட்டால், பக்கவாட்டில் அதே ரோஸ் பட்டை, அதே கரும்புள்ளிகள். நம் அவலாஞ்சி மீன்பண்ணைத் தொட்டியில் இருக்கிறதே, அதேதான், மூன்று மடங்கு பெரிதாக.

அவர் "பிடி" என்றார். நான் பிடிக்கவில்லை. என் இரண்டு கையும் தானாகவே தண்ணீருக்குள் போய் நின்றன. வாய்க்குள் எண்ண ஆரம்பித்துவிட்டேன். சனிக்கிழமைகளில் உங்களோடு பண்ணைக்கு வருவேனே, அப்போது சொல்லுவீர்கள்: "கைய நனைச்சு முப்பது எண்ணு. காஞ்ச கை பட்டா அதுக்கு வழுவழுப்பு போயிடும், சூட்டுக் கை பட்டா வெந்துடும்." முப்பது எண்ணி முடித்துத்தான் தூக்கினேன். வயிற்றுக்கு அடியில் ஒரு கை, வாலடியில் ஒரு கை. அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு முன்னாடி பிடிச்சதே இல்லேன்னு சொன்னியே, யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார். எங்கப்பா மீன் பண்ணையில் கூலி வேலை பார்த்தவர் என்றேன். தட்டில் முட்டை பரப்புவது, வெள்ளையாய்ச் செத்த முட்டையைப் பூஞ்சை பரவுமுன் ஒன்றொன்றாக எடுப்பது, எல்லாம் சொன்னேன். அவர் பக்கத்து ஆளிடம் அதைத் திருப்பிச் சொன்னார். அவர் அடுத்தவரிடம். வேலி முழுக்க உங்கள் கதை போயிற்று அப்பா.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. "முதல் மீன் டங்கரோவாவுக்கு, விட்டுவிடு" என்றார். அவர்கள் வழக்கத்தில் கடலுக்கும் மீனுக்கும் உரிய தெய்வம். முதல் மீனை அவருக்கே திருப்பிவிட வேண்டுமாம். மூன்று மணி நேரக் குளிருக்குப் பிறகு இதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்தது. ஆனால் நம் வீட்டில் முதல் கேரட்டை மாரியம்மனுக்கு வைக்காமல் சந்தைக்கு அனுப்பியிருக்கிறோமா? விட்டேன். கொஞ்ச நேரம் கையிலேயே நின்று செவுளை அசைத்தது, பிறகு போய்விட்டது. இரண்டாவது கிடைக்கவில்லை. கிளம்பும்போது அண்ணன் தான் பிடித்ததில் ஒன்றை என் பையில் போட்டார்.

அவரிடம் வில்சன் துரை கதையையும் சொன்னேன். 1907-ல் அவலாஞ்சியில் பண்ணை போட்டவர், இலங்கையிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் முட்டை வரவழைத்தார் என்று நீங்கள் சொல்வீர்களே. அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இங்கேயும் இது வந்த மீன்தான், கலிஃபோர்னியாவிலிருந்து கொண்டுவந்தது என்றார். மார்கழியில் முட்டையிடும் மீன் இங்கே ஆனி, ஆடியில் இடுகிறது. அதற்கும் என்னைப் போலவே நாட்காட்டி புரண்டிருக்கிறது. நம் டேம் கெண்டையின் கதையும் இதுதானே, 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டி ஏரிக்கு வந்தது. இலங்கையை விட்டுத் தலைமன்னாரில் கப்பல் ஏறிய அப்பாயிக்கும் உங்களுக்கும் முப்பது சொச்சம் வருஷம் முன்னால் அது வந்து சேர்ந்துவிட்டது.

பிறகு அவர் ஒன்று கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. ட்ரவுட் வருவதற்கு முன் இந்த ஏரியில் கோகொப்பு என்ற மீன் அவர்கள் முன்னோருக்குச் சாப்பாடாக இருந்ததாம். ட்ரவுட் அதைப் பெரும்பாலும் தின்று தீர்த்தது. தின்ன எதுவும் மிஞ்சாமல் ட்ரவுட்டே மெலிந்துபோக, 1930களில் அதற்கு இரையாக வேறொரு பொடிமீனைக் கொண்டுவந்து விட்டார்களாம். என் தூண்டிலில் கட்டியிருந்தது அந்தப் பொடிமீனின் உருவம்தான். "உங்க மலையில ட்ரவுட்டுக்கு முன்னாடி என்ன மீன் இருந்துச்சு?" என்றார். நீங்கள் முப்பது வருஷம் அந்த ஓடைப் பக்கம் நடந்தவர், இதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. நமக்குத் தெரிந்திருக்க நியாயமும் இல்லை, நாமும் பின்னால் வந்தவர்கள். மேல்வீட்டுப் படுகத் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சிறுவயதில் ஓடையில் என்ன பிடித்தார்கள், அதற்கு என்ன பெயர் என்று எழுதி அனுப்புங்கள். அண்ணன் கட்டாயம் திரும்பக் கேட்பார்.

மீனை அம்மா அனுப்பிய மிளகாய்த்தூளும் மிளகும் தடவிப் பொரித்தேன். செதில் பொடிசு, சுரண்டும் வேலையே இல்லை. சதை சால்மன் மாதிரி சிவப்பு. இவர்கள் மானுகா மரத்தூளில் புகை போட்டுத் தின்கிறார்கள், அது எனக்கு இன்னும் பழகவில்லை. பாதியை இல்லத்தில் இருக்கும் ஒரு கிழவிக்கு எடுத்துப்போனேன். காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் தட்டைக் கொடுக்கவில்லை.

இங்கே ட்ரவுட் மையம் ஒன்று இருக்கிறது, முட்டை பொரிக்கும் இடமும் உண்டு, தண்ணீருக்கு அடியில் கண்ணாடி வழியாக மீன் பார்க்கும் அறையும் உண்டு. நீங்கள் வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன். பாஸ்போர்ட் வேலையைத் தம்பியிடம் சொல்லி ஆரம்பியுங்கள், தள்ளிப்போடாதீர்கள். ரப்பர் கால்சட்டை இரவல் வாங்க வேண்டும், உங்கள் கால் அளவை ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். செருப்பு நம்பரை எழுதாதீர்கள், அது இங்கே வேறு.

ஏப்ரல் முதல் ஞாயிறு இங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளுகிறார்கள். ஏழரை மணி நேர வித்தியாசம் ஆறரை ஆகிவிடும். நான் வழக்கம்போல ராத்திரி எட்டரைக்குத்தான் கூப்பிடுவேன், உங்களுக்கு அப்போது மதியம் இரண்டு மணி. அந்த நேரத்தில் தோட்டத்துக்குப் போய்விடாதீர்கள்.

அன்புள்ள மகள்

பி.கு: அடுத்த பார்சலில் மிளகு கொஞ்சம் கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள். அண்ணன் வீட்டுக்கும் கொடுக்க வேண்டும்.