குறி பார்த்தவர்களின் பதிவேடுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டைய நாகரிகங்களில் வருவதை முன்கூட்டி அறிய மக்கள் கையாண்ட முறைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஆமையோட்டையும் ஆட்டு ஈரலையும் பார்த்து நாடாண்டவர்களின் அறியாமையை எண்ணி நகைக்கும் தொனியிலேயே அது முழுவதும் எழுதப்பட்டிருந்தது. குறி பலிக்கும் என்ற நம்பிக்கை எனக்கும் கிடையாது. ஆயினும், அக்குறிகளை அறிஞர்கள் இன்றும் ஏன் ஆராய்கிறார்கள் என்ற கேள்வியைக் கட்டுரையாளர் தொடவே இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

சீனாவின் ஷாங் அரசர்கள் எருதின் தோள்பட்டை எலும்பிலும் ஆமையின் வயிற்றோட்டிலும் சிறு குழிகளைக் குடைந்து, அங்கே சூடு வைத்து, மறுபக்கத்தில் விழும் வெடிப்புகளைக் கொண்டு பலன் கண்டார்கள். மூவாயிரம் ஆண்டுகள் கழித்து அவ்வெலும்புகள் மருந்துக் கடைகளில் ‘டிராகன் எலும்பு’ என்று விற்கப்பட்டு, பொடியாகி நோயாளிகளின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் இருப்பவை எழுத்துகள் என்பதை 1899இல் வாங் யிரோங் என்ற அறிஞர் கண்டுகொண்டார். 1928இல், ஷாங் அரசர்களின் தலைநகர் இருந்த ஆன்யாங்கில் முறையான அகழாய்வு தொடங்கியது. ஷாங் அரசர்களின் பெயர் வரிசை பெரும்பாலும் சரியே என்று உறுதியானது இவ்வெலும்புகளால்தான்.

அவற்றுள் ஒன்று, வூ டிங் அரசரின் மனைவி ஃபூ ஹாவோவின் பேறுகாலத்தைப் பற்றியது. டிங் நாளில் பிறந்தால் நல்லது, கெங் நாளில் பிறந்தால் மிக நல்லது என்று அரசர் பலன் சொல்கிறார் (இவை சீன நாட்காட்டியில் நாள்களுக்கு இட்ட பெயர்கள்). 31 நாள் கழித்து, ஜியாயின் நாளில் குழந்தை பிறந்தது, நன்றாக அமையவில்லை, பெண் குழந்தை என்று அதிலேயே பொறித்திருக்கிறார்கள். (பெண் பிறந்ததை நன்றன்று என எழுதிய மனப்போக்கைப் பற்றித் தனியே ஒரு கடிதம் எழுதலாம்.) அரசர் சொன்ன நாள்கள் தப்பியதால் கேடு விளைந்தது என்று அவருடைய வாக்குக்குச் சாதகமாகவும் இதைப் படிக்க முடியும், விளைவைக் குறிக்கும் இத்தகைய பகுதி பெரும்பாலான எலும்புகளில் இல்லை என்பதும் உண்மை. எப்படிப் படித்தாலும், கேட்ட நாள், கேட்ட கேள்வி, சொன்ன பலன், நடந்த விளைவு ஆகிய நான்கையும் ஒருங்கே எழுதி வைக்கும் வழக்கம் அங்கே இருந்திருக்கிறது.

மெசபொட்டேமியாவின் கதையும் இத்தகையதே. அசீரிய நகரான நினிவேயின் நூலகத்தில் கிடைத்த ஆப்பெழுத்துக் களிமண் பலகைகளுள், பாபிலோன் அரசர் அம்மிசடுகாவின் காலத்தில் 21 ஆண்டுகள் வெள்ளிக் கோள் எப்போது தோன்றியது, எப்போது மறைந்தது என்ற பட்டியலின் நகல் ஒன்று உண்டு. நிமித்தத்துக்காகத் தொகுத்த அந்தப் பட்டியலை வைத்தே பழைய பாபிலோனின் ஆண்டுக் கணக்கை நிறுவ அறிஞர்கள் இன்று முயல்கிறார்கள். எந்த ஆண்டு என்பதில் அவர்களுக்குள் பூசல் ஓயவில்லை.

எல்லாவற்றையும் ‘சோதிடம்’ என்ற ஒரே சொல்லில் கட்டுரையாளர் அடக்கியதும் எனக்கு உடன்பாடில்லை. குறி, நிமித்தம், புள் (பறவைகளைக் கொண்டு பார்ப்பது), விரிச்சி (தற்செயலாகக் காதில் விழும் பிறர் சொல்லைப் பலனாகக் கொள்வது) என்று பிரித்துச் சொல்லத் தமிழில் சொற்கள் இருக்கின்றன. கிரேக்க நாட்டின் ஃபாரே ஊரில், ஹெர்மஸ் என்ற தெய்வத்தின் சிலையின் காதில் கேள்வியை ஓதி, தம் காதுகளைப் பொத்திக்கொண்டு சந்தையைக் கடந்து, கையை எடுத்ததும் விழும் முதற்சொல்லையே விடையாகக் கொண்டார்கள் என்று பண்டைய கிரேக்கப் பயண நூலாசிரியர் பவுசானியஸ் எழுதியிருப்பது அச்சு அசலாக விரிச்சிதான். ரோமில் புள் நிமித்தம் பார்க்கும் பதவியில் இருந்த அரசியல் தலைவரும் எழுத்தாளருமான சிசரோதான், கி.மு. 44இல் நிமித்தங்களுக்கு எதிரான வாதங்களையும் விரிவாக எழுதினார். ஆகவே பண்டையோர் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள் என்பதும் பொருந்தாது.

இப்பொருளில் மீண்டும் கட்டுரை வெளியிட நேர்ந்தால், ஓர் எலும்பின் வாசகத்தையோ ஒரு பலகையின் வாசகத்தையோ முழுமையாகத் தமிழாக்கி, அது எங்கே, எப்போது கிடைத்தது என்ற விவரத்தோடு பக்கத்தில் ஒரு கட்டத்திலாவது தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்