நூலகத்தில் கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்க ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எல்லாம் செல்போனிலேயே கிடைக்கும்போது நூலகம் எதற்கு என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். கோபமெல்லாம் வரவில்லை, அவர் சொல்வதில் பாதி சரிதான். தன் கேள்வி இன்னதென்று தெரிந்தவருக்குத் தேடுபொறி போதும். அது தெரியாமல் தவிப்பவர் எங்கே போவார்?

நூலகத்தில் விசாரணை மேசையில் பல வருஷம் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன், வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் அவர்களுக்கு உண்மையில் வேண்டியதாக இருக்காது. ஒரு பையன் வந்தான். "சார், தேனீ பத்தி புக் இருக்கா?" பள்ளிக்கூடத்தில் ப்ராஜெக்ட். ரேக்கைக் கைகாட்டிவிட்டு நான் என் வேலையைப் பார்த்திருக்கலாம், ஆனால் எந்த ரேக்கை? பொருளுக்கு ஒரு எண் கொடுத்துப் பிரிக்கும் டூயி முறையில் அடுக்கிய நூலகத்தில் பூச்சி என்று பார்த்தால் தேனீ 595-இல் இருக்கும், வளர்ப்பு என்று பார்த்தால் 638-க்குப் போக வேண்டும். "தேனீயில உனக்கு என்னப்பா வேணும்?" என்றேன். முழித்தான். கொஞ்ச நேரம் பேசவிட்ட பிறகுதான் வந்தது: "பூ எங்க இருக்குன்னு ஒரு தேனீ பார்த்துட்டு வந்தா, மத்த தேனீக்கு எப்படி சார் தெரியுது?"

இதுதான் அவன் கேள்வி. அப்புறம் என்ன, கார்ல் வான் ஃபிரிஷ் வரைக்கும் போனோம். கூட்டுக்குள் தேனீ ஆடும் ஆட்டத்திலேயே பூ இருக்கும் திசையும் தூரமும் அடங்கியிருக்கிறது, அந்தத் திசையைச் சூரியனை வைத்துச் சொல்கிறது என்று கண்டறிந்தவர், 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பையன் அந்த எட்டு வடிவ ஆட்டத்தை மேசைமேல் விரலால் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதெல்லாம் என் கண்டுபிடிப்பு இல்லை. 1968-லேயே ராபர்ட் டெய்லர் என்ற நூலகவியல் ஆய்வாளர் எழுதிவிட்டார்: கேள்வி முதலில் சொல்லத் தெரியாத ஒரு உறுத்தலாகத்தான் மனதில் இருக்கிறது, மேசைக்கு வந்து சேரும்போது 'இங்கே இதுதான் கிடைக்கும்' என்று ஆளே அதை வெட்டிச் சுருக்கிவிடுகிறார் என்று. கரோல் குல்தாவ் என்ற இன்னொரு ஆய்வாளர், மாணவர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்று வருஷக்கணக்காகக் கவனித்தவர். தலைப்பைத் தேர்ந்தெடுத்தவுடன் ஒரு உற்சாகம் வருமாம், படிக்க ஆரம்பித்ததும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத தகவல்களில் தலை சுற்றி நம்பிக்கை சரியுமாம், தன் கேள்வி தெளிந்த பிறகுதான் அது திரும்புமாம். சரி, பிள்ளை அப்படித் தடுமாறும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? முதல் நாள் நாங்கள் புத்தகம் கொடுக்கிறோம், கடைசி நாள் ஆசிரியர் மார்க் போடுகிறார். நடுவில் ஒருவரும் இல்லை. அந்த இடத்தில்தான் காப்பியடிப்பது ஆரம்பிக்கிறது, சோம்பேறித்தனத்தால் இல்லை, பயத்தால்.

அதனால் நூலகங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முத்திரை குத்துகிறவரை வெளியே கொண்டுவந்து பேசும்படி உட்கார வையுங்கள். பள்ளி ஆசிரியர் ப்ராஜெக்ட் கொடுப்பதற்கு முன்பே நூலகரிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும், முதல் வாரம் பிள்ளைகள் சும்மா புரட்டிப் பார்த்துவிட்டுத் தங்களுக்கு என்ன புரியவில்லை என்று மட்டும் எழுதி வரட்டும், ஒரே விஷயத்தை இரண்டு புத்தகம் இரண்டு விதமாகச் சொன்னால் யார் எழுதியது, எந்த வருஷம், அவருக்கு எப்படித் தெரியும் என்று உட்கார்ந்து சண்டை போடட்டும். (கொஞ்சம் சத்தம் வரும், வரட்டும்.) பெரியவர்களுக்கும் இதேதான். மருத்துவ அறிக்கையில் வந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் தேடி வருகிறவர் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுக் கேட்கமாட்டார், அவருக்குத் தனியாக ஒரு மூலை வேண்டும்.

ஆள் பற்றாக்குறை தெரியாமல் எழுதவில்லை. புத்தகம் கொடுக்கவும், தூசி தட்டவும், கணக்கு எழுதவும் ஒரே ஆள் என்றால் அவர் யாரிடம் பேச முடியும்? போதாக்குறைக்கு மேலே போகும் கணக்கில் எத்தனை புத்தகம் வெளியே போனது என்றுதான் கேட்கிறார்கள். வாசகரின் நேரத்தைச் சேமி என்று, நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்கு வகுத்துவைத்த ஐந்து விதிகளில் நான்காவதைக்கூட, சட்டென்று புத்தகத்தை நீட்டி ஆளை அனுப்புவது என்றே நம்மில் பலர் எடுத்துக்கொண்டோம். கேட்கவேண்டியதைக் கேட்காமல் தப்பான ரேக்குக்கு அனுப்பினால் அவர் நேரம் எங்கே மிச்சம்?

அந்தப் பையன் அன்றைக்கு ஒரு புத்தகமும் எடுத்துப் போகவில்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அடுத்த வாரம் வந்து நின்றான். "சார், மேகமா இருந்தா சூரியனே தெரியாதே, அப்போ தேனீ என்ன பண்ணும்?" எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் தேடினோம். வானத்தில் ஒரு துண்டு நீலம் தெரிந்தாலே அதற்குப் போதுமாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்