மண்ணை அள்ளவிடவில்லை

அன்புள்ள குமரா,

வீட்டை இடித்தாயிற்று. பத்திரம் என் பேரில் இருந்ததால் என் கையெழுத்தே போதுமாக இருந்தது, உன்னைக் கேட்கவில்லை. குரா நிற்கிறது. அந்த மண்சுவர்க் கிடங்கையும் இடிக்கச் சொல்லிக் கொடுத்திருந்த விண்ணப்பத்தை மட்டும் போன வாரம் திரும்ப வாங்கிவிட்டேன். ஜனவரி 1 மறுபடி வருகிறது, அதற்குள் உனக்குத் தெரியட்டும்.

மன்னித்துக்கொள். ஆனால் எந்த உரிமையில் கோபப்படுவாய் என்றும் யோசித்தேன். 2024 புத்தாண்டு மாலை 4.10-க்கு, 7.6 அளவு நிலநடுக்கத்தில் இந்த ஜப்பானிய நோட்டோ தீபகற்பமே குலுங்கி ஊரே தெருவில் நின்றபோது, "பத்திரமா?" என்று ஒரு வாட்ஸ்அப். அவ்வளவுதானே?

தூண்களைக் கல்லின் மேல் சும்மாதான் நிறுத்தியிருந்தார்கள், ஆட்டம் வந்தால் நகரட்டும் என்று. நகர்ந்தன, ஆளுக்கொரு பக்கமாக. கறுப்பு ஓட்டின் பாரத்தில் மோட்டு உத்தரம் முறிந்தது. செப்டம்பர் பெருமழையில் மிச்சமும் போயிற்று. இடிப்பதற்கு அரசு செலவழித்தது. தூக்கி நிறுத்தும் அளவுக்கு என்னிடம் இல்லை. பணக் கணக்கை இங்கே எழுதப் போவதில்லை. உன் மச்சான் இதைப் படிக்கிறார்.

நீயும் ஆசாரித் தாத்தாவும் கறையான் அரித்த அடியை அறுத்து ஒட்டுப்போட்டீர்களே, அந்தத் தூணை மட்டும் லாரியில் ஏற்றவிடவில்லை. ஆணியே இல்லாமல் ஆப்பு அடித்த அந்த இணைப்பு இம்மி அசையவில்லை. உன் கையைப் பற்றி அவர் சொன்னது சரிதான்.

குராவின் சுவருக்கு மண் எறிந்த நாள்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. கோடை முழுக்க வைக்கோலோடு ஊறி, கறுத்து, மாட்டுக்கொட்டகை வாடை அடித்த சேறு. கொத்தனார் தாத்தா ஒரு கை அள்ளி முகர்ந்துவிட்டுத் தலையாட்டினார். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்றார். தெருவே வரிசையில் நின்று உருண்டைகளைக் கைமாற்றியது. நீ சுவரோரம். மூங்கில் பின்னலில் தொங்கிய கயிற்று நுனிகளை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டே, எதிரிமேல் எறிவதுபோல எறிந்தாய். பக்கத்து வீட்டுப் பாட்டி முகத்தில் தெறித்ததும் அவரும் ஓர் உருண்டையை எடுத்து உன் முதுகில் அறைந்தார். மேல்பூச்சுச் சுண்ணாம்பில் கடற்பாசிப் பசை சேர்ப்பார்கள் என்று கேட்டு, "எங்க ஊரில் கடுக்காயும் வெல்லமும்" என்று அந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் நீ விளக்கியதை அவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அன்று ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னால்தான் ஊருக்குப் போவதாகச் சொன்னாய். காரணம் இங்கே வேண்டாம், நியாயமான காரணம்தான். ஆனால் அது உனக்குக் காலையிலேயே தெரியும், இல்லையா? சுவர் காயும்வரைகூட நீ இருக்கவில்லை. சுண்ணாம்பை நான்தான் குழைத்தேன். கூரைப் பனியையும் நான்தான் தள்ளினேன். நீ அங்கிருந்து "நம்ம வீடு" என்று போட்டோ போட்டு லைக் வாங்கிக்கொண்டிருந்தாய்.

சரி, விடு.

குராவின் தெற்குச் சுவர் மொத்தமாக உரிந்து விழுந்தது. உள்ளே மரச்சட்டம் அப்படியே இருக்கிறது. விழுந்ததைக் கழிவென்று அள்ள வந்தபோது கொத்தனார் தாத்தா குறுக்கே நின்றுவிட்டார். பழைய மண்தான் நல்ல மண்ணாம். நனைத்து, புது வைக்கோல் போட்டு மிதித்தால் மறுபடி சுவராகும். நீ எறிந்ததும் அந்தக் குவியலில்தான் கிடக்கிறது, தார்ப்பாய்க்குக் கீழே. அதைப் பார்த்த பிறகுதான் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கினேன்.

ஆள்தான் இல்லை. பாட்டி தற்காலிகக் குடியிருப்பில் இருக்கிறார். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் கனாசாவா நகரத்துக்குப் போய்விட்டார்கள். தாத்தாவுக்கு இப்போது சாரம் ஏற முடியாது.

ஏப்ரலில் மண்ணை நனைப்பேன். அக்டோபரில் எறிய வேண்டும். பணம் அனுப்பாதே. வருவதானால் டிக்கெட் போட்டுவிட்டுச் சொல். வரவில்லையென்றால் அதையாவது இந்த முறை முன்கூட்டியே சொல்லிவிடு. சுவரோரம் நிற்க வேறு ஆள் பார்க்க வேண்டும்.

ரவி