ரேகை விழாத விரலும் நீங்கள் சொன்ன காரணங்களும்

மீனவர் அடையாள அட்டை வழங்கும் அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம் ஐயா.

போன செவ்வாய்க்கிழமை என் அம்மாவின் மனு மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. காரணம் தங்களுக்கு நினைவிருக்கும். மனுவின் ஓரத்தில் "ரேகை விழவில்லை" என்று எழுதியதே நீங்கள்தான். அட்டை கிடைக்காத வருத்தத்தைவிட அந்தக் காரணத்தின் மேல்தான் எனக்குக் கோபம். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். ஒரு வரியிலிருந்து அடுத்த வரி வராவிட்டால் தூக்கம் பிடிக்காது.

அம்மா கடலில் பாசி எடுப்பவர் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றீர்கள். சரி. என்ன ஆதாரம் என்றோம். சங்க உறுப்பினர் சீட்டு என்றீர்கள். சங்கத்தில் போய்க் கேட்டால், அட்டை இருந்தால்தான் உறுப்பினராகச் சேர்ப்பார்களாம். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமாகக் கேட்பதற்கு வட்ட வாதம் என்று பெயர். செக்கு மாடு சுற்றினாலாவது எண்ணெய் வரும். அம்மாவுக்கு ஆனது பஸ் செலவுதான்.

அடுத்து, "மீனவர் என்றால் படகு இருக்குமே, உங்களிடம் இல்லையே" என்றீர்கள். படகு வைத்துத் தொழில் செய்பவர் மீனவர், ஒப்புக்கொள்கிறேன். படகில்லாதவர் மீனவரில்லை என்பது அதிலிருந்து எப்படி வரும்? பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் கடலுக்குப் போவதில்லை. கூண்டு ஏற்றாத நாளெல்லாம் போய்விடுகிறோமா? டீசலுக்குக் காசில்லாத நாளும் உண்டு, ஊரில் சாவு விழுந்த நாளும் உண்டு.

அப்புறம் அந்த ரேகை இயந்திரம். அம்மாவின் கட்டைவிரலை ஆறு முறை வைக்கச் சொன்னீர்கள். துடைத்து, ஈரப்படுத்தி, திரும்பவும் துடைத்து. விழவில்லை. முப்பது வருடமாக விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாரில், அதாவது கடலுக்கடியிலுள்ள பாறைத் திட்டில், ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்தெடுக்கிற கை ஐயா அது. துணி நைந்ததும் பாறை தோலை அறுக்கும். அந்த வெட்டிலேயே உப்புத்தண்ணீர் ஊறும். ரேகை எங்கே மிஞ்சும்? வரிசையில் நின்றவர்கள் பார்க்க, அம்மா அந்த விரலைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் ஒரு பாடம் சொல்கிறார். இந்த மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களையைப் போல. முதலாவது பக்கம், அதாவது நிரூபிக்க வேண்டியது. அடுத்தது ஏது, அதற்கான காரணம். மூன்றாவது திட்டாந்தம், உதாரணம். உங்கள் மேசைக்கு வந்த புகை அந்த விரல்தான். அதைத்தான் தள்ளுபடிக்குக் காரணமாக எழுதினீர்கள்.

என் பக்கத்து ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். ரேகை தேய்ந்தவர் எல்லாம் பாசி எடுப்பவர் அல்ல. சிமெண்ட் குழைக்கும் கொத்தனாருக்கும் தேயும். இப்படி இரண்டு பக்கமும் பொருந்துகிற ஏதுவை அதே காதை அநைகாந்திகம் என்று ஏதுப்போலியில், அதாவது போலிக் காரணங்களில், சேர்க்கிறது. அதனால் விரலை மட்டும் வைத்து நம்பச் சொல்லவில்லை. அனுமானத்தில் சந்தேகமா, கண்ணால் காணும் காட்சி இருக்கிறதே. கரைக்கு வந்து பாருங்கள்.

இதை அன்றே சொன்னேன். "வாத்தியார் ஆச்சே, பேசத்தான் செய்வீர்கள்" என்றீர்கள். நான் வாத்தியார் என்பதால் உங்கள் வட்டம் நேராகிவிடுமா? சொன்னதை விட்டுவிட்டுச் சொன்னவனைப் பிடிக்கிற வியாதி டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை இருக்கிறது. பதில் இல்லையென்றால் கேட்டவன் எந்தக் கட்சி, எந்த ஊர் என்று ஆரம்பித்துவிடுவார்கள். அங்கே விளம்பர இடைவேளையாவது விடுகிறார்கள். மன்னிக்கவும், மனு எழுத வந்தவன் எங்கேயோ போய்விட்டேன்.

வரும் அமாவாசையை ஒட்டித் தண்ணீர் வற்றும்போது அம்மாவும் எங்கள் தெருப் பெண்களும் இறங்குவார்கள். தயவுசெய்து ஒரு காலை கரைக்கு வந்து பாருங்கள், பார்த்துவிட்டு அட்டையைக் கொடுங்கள். ரப்பர் செருப்புப் போட்டு வாருங்கள் ஐயா, பார் குத்தும்.

இப்படிக்கு,
பாசி எடுக்கிறவரின் மகன்,
பாம்பன்