என் தோளுக்காக நின்றவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

திண்டுக்கல்லில் 22 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். போன ஆவணியில் பரணிலிருந்து லைனிங் துணிக் கட்டை இறக்கும்போது ஸ்டூல் சரிந்தது. விழாமலிருக்க வலது கையால் பரண் சட்டத்தைப் பிடித்துத் தொங்கிவிட்டேன். தோளுக்குள் 'சரக்'கென்று துணி கிழிகிற மாதிரி இருந்தது. அதற்கப்புறம் கை மேலே எழும்பவில்லை.

முதலில் போன இடத்தில் எம்ஆர்ஐ எடுத்து, "ஜவ்வு ஃபுல்லா கிழிஞ்சிருச்சும்மா" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒன்பது நாள் தூக்கமில்லை. கத்தரிக்கோல் பிடிக்கிற கை போயே போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அந்த நினைப்பை மாற்றியவர் அல்ட்ராசவுண்ட் எடுத்த டாக்டரம்மா. பின்பாக்கெட்டில் பர்ஸ் வைப்பதுபோல் கையைப் பின்னால் வைக்கச் சொன்னார். திரையை என் பக்கம் திருப்பினார். முதலில் 'ஜவ்வு' என்று சொன்னது தசையை எலும்போடு பிடித்து வைக்கிற தசைநாணைத்தானாம்; அது வெள்ளை வெள்ளையாக, பாவு இழை மாதிரி தெரிந்தது. நடுவில் ஓர் இருட்டு இடைவெளி. அதன் இரண்டு ஓரத்திலும் புள்ளி வைத்ததும் 14 மில்லிமீட்டர் என்று எண் வந்தது. அப்புறம் கருவியைத் திருப்பி, அறுந்த முனை எலும்பிலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று அளந்தார். அது 9.

"ஃபுல்லுன்னா மொத்தமும் அத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லம்மா. மேலிருந்து கீழ்வரை ஓட்டை விழுந்திருக்கு, அவ்வளவுதான். சுத்தி உள்ளது பிடிச்சுக்கிட்டு நிக்குது" என்றார். தடிமனில் ஒரு பகுதி மட்டும் போயிருந்தால் அது வேறு வகையாம். லைனிங் கிழிந்து மேல்துணி நன்றாக இருப்பதுபோல என்று புரிந்துகொண்டேன். அந்தத் தசைநாணின் தடிமனே 10, 12 மில்லிமீட்டர்தான் என்பதால், அதில் 6 மில்லிமீட்டருக்கு மேல் போனால் பெரியதாக எடுத்துக்கொள்வார்களாம். அம்மா, உங்கள் அறைக்கு வெளியே கூட்டம் நின்றது. ஆனாலும் எனக்குப் புரியும்வரை நீங்கள் எழுந்திருக்கவில்லை.

ஆபரேஷன் செய்த எலும்பு டாக்டர் ஐயாவுக்கு அடுத்த நன்றி. பழைய ரிப்போர்ட்டில் 16 என்று இருக்கிறதே, இங்கே 14 என்கிறார்களே என்று கேட்டேன். கோபப்படவில்லை. எம்ஆர்ஐ மூன்று, நான்கு மில்லிமீட்டர் இடைவெளியில் துண்டு துண்டாகப் படம் எடுக்கிறது, ஓரம் இரண்டு துண்டுக்கு நடுவில் விழுந்தால் இந்த வித்தியாசம் வரும் என்றார். ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் சிறியது, 3 வரை நடுத்தரம், 5 வரை பெரியது, அதற்கு மேல் மிகப் பெரியது என்று 1984-இல் அமெரிக்காவில் இரண்டு மருத்துவர்கள் வகுத்த கணக்கையும் சொன்னார். என்னுடையது நடுத்தரம். எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது, தசையில் கொழுப்பு ஏறியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும் என்றார். அது தையற்காரிக்கு உடனே புரிந்தது. கிழிசல் சின்னதாக இருந்தாலும் நைந்த துணியில் தையல் நிற்காது. என் துணி நன்றாக இருந்தது.

உள்ளே கேமரா விட்டு, அளவு தெரிந்த கொக்கிக் கம்பியால் அளந்தபோது, பிசிறை நீக்கிய பிறகு 18 வந்ததாம். அதையும் மறைக்காமல் சொன்னீர்கள் ஐயா.

பிசியோதெரபி தம்பிக்கு எப்படி நன்றி சொல்வது? ஆறு வாரம் கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் கிடந்த கையைக் கிணற்று வாளி மாதிரி தொங்கவிட்டு ஆட்டச் சொல்லிக்கொடுத்தாய். நான் அவசரப்பட்டபோதெல்லாம், "தைச்ச இடம் எலும்போட ஒட்டணும்க்கா" என்று பொறுமையாக நிறுத்தினாய். தலை வாரப் பழகிய நாளில் என்னைவிட நீதான் சந்தோஷப்பட்டாய்.

பக்கத்துக் கடை அக்கா, தீபாவளிக்குத் தைத்துத் தருவதாக நான் வாங்கி வைத்திருந்த 41 ரவிக்கையையும் என் நோட்டைப் பார்த்து நீங்களே தைத்து, என் கடைப் பையில் போட்டுக் கொடுத்தீர்கள். கூலியை எண்ணி என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனீர்கள். நூல் காசுகூட எடுத்துக்கொள்ளவில்லை.

பங்குனி பிறந்துவிட்டது. நேற்று ஆம்ஹோல் வளைவை ஒரே மூச்சில் வெட்டினேன், வலிக்கவில்லை. அக்கா, உங்கள் மகள் வளைகாப்பு ரவிக்கையை நான்தான் தைப்பேன். அளவு ரவிக்கையைக் கொடுத்தனுப்புங்கள்.